பழைய ஆக்டேவியா ஆர்எஸ்: 60,000 ரூபாய்க்குள் வீட்டிலேயே டியூன் செய்ய முடியுமா?

மேக்காமண்டபம்_20வால்வு

வணக்கம். கையில் இருப்பது 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 20 வால்வு, கம்பெனிக் கணக்கு 150 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். டிஎன் 74 வண்டி, நான் மூன்றாவது ஓனர்.

3,500 ஆர்பிஎம் வரை ஒழுங்காகப் போகிறது. அதற்குமேல் மிதித்தால் இழுப்பு கூடவில்லை, போனட்டுக்குள் 'ஸ்ஸ்' என்ற சத்தம்தான் கூடுகிறது. செக் எஞ்சின் விளக்கு சில நேரம் எரியும், பிறகு தானே அணையும். தக்கலை ஏற்றத்தில் ஒரு டீசல் ஸ்விஃப்ட் என்னைத் தாண்டிப் போனது. அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

பட்ஜெட் 60,000. நினைத்திருப்பது: ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தித் திறன் ஏற்றுவதில் முதல் படி), கோன் ஃபில்டர், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (கேட்) எடுத்துவிட்டு நேர் பைப், மீதி இருந்தால் ஆக்சிலேட்டரை விடும்போது பட்டாசு வெடிக்கிற மேப். வெளியூர் டியூனர் ஒருவரிடம் போனில் பேசினேன். 'கொண்டு வாங்க, 190 ஆக்கித் தருகிறேன்' என்றார். வண்டியில் என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் யோசனையாக இருக்கிறது.

வேலை செய்ய இடம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கிற பழைய ஷெட் சும்மா கிடக்கிறது. சாக்கெட் செட், ஜாக்கி ஸ்டாண்ட், சின்ன கம்ப்ரஸர் இருக்கின்றன. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். லேப்டாப் மாட்டி வண்டியைப் பார்த்ததில்லை. எங்கே தொடங்கலாம்?

தேங்காப்பட்டணம்_பூஸ்ட்

மக்கா, ரீமேப்புக்கு எதற்குக் காசு? டர்போ தருகிற அழுத்தத்தை (பூஸ்ட்) கட்டுப்படுத்துகிற வேஸ்ட்கேட்டுக்குப் போகிற ட்யூபில், காற்றைக் கொஞ்சம் வெளியே விடுகிற பிளீட் வால்வு ஒன்று போடு. மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று வால்வே போதும். பூஸ்ட் அழகாக 1 பார் தாண்டும். என் டீசலில் போட்டேன், கொள்ளாம்.

கோட்டார்_ஸ்பேனர்

டீசலில் நடந்திருக்கும் ஓய். இந்த வண்டியில் நடக்காது. டீசலில் காற்று கூடினால் கலவை மெலியும், சூடும் பொதுவாகக் குறையும். பெட்ரோலில் கூடுதல் காற்று என்றால் கூடுதல் பெட்ரோல், கூடுதல் சூடு, அதோடு நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது).

அதைவிடப் பெரிய சிக்கல், இதில் இருப்பது போஷ் எம்இ7 கம்ப்யூட்டர். ஆக்சிலேட்டருக்கு கேபிள் கிடையாது, மிதிப்பது ஒரு சென்சாரை. 'இவருக்கு இவ்வளவு டார்க் வேண்டும்' என்று கம்ப்யூட்டர் முதலில் முடிவு செய்கிறது. அதற்கு எவ்வளவு காற்று, அந்தக் காற்றுக்கு எவ்வளவு பூஸ்ட் என்று அடுத்தடுத்துக் கணக்குப் போடுகிறது. கேட்டதைவிட அதிகமாகக் காற்று வந்தால் த்ராட்டிலை மூடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் 17963 என்ற கோளாறு எண்ணை (கோடு) பதிந்து, திறனைக் குறைத்து ஓட்டுகிற லிம்ப் மோடுக்குப் போய்விடும். பிளீட் வால்வு போட்டவர்கள் 'முதலில் குத்துகிறது, அப்புறம் அடங்குகிறது' என்று சொல்வது இதனால்தான்.

தம்பி மேக்காமண்டபம், உன் ஸ்டேஜ் 1 அந்த 'ஸ்ஸ்' சத்தத்துக்குள் இருக்கிறது. டர்போ அழுத்திக் கொடுக்கிற காற்று எஞ்சினுக்குப் போகாமல் வழியில் வெளியேறுகிறது. இந்த நிலையில் ரீமேப் போட்டால் கம்ப்யூட்டர் இன்னும் அதிகமாகக் கேட்கும், டர்போ கசிவையும் சேர்த்து நிரப்ப வேகமாகச் சுற்றும். உன் வண்டியில் இருப்பது கே03, சின்ன டர்போ. அதன் எல்லைக்கு வெளியே சுற்ற விட்டால் வெறும் சூடான காற்றைத்தான் தரும், சீக்கிரம் எண்ணெயும் குடிக்கத் தொடங்கும்.

முதல் வேலை, லேப்டாப்பை வண்டி கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒரு வாக்காம் கேபிள் வாங்கு. கோடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வை. அப்புறம் மெஷரிங் பிளாக் (சென்சார் அளவுகளைக் காட்டுகிற எண்ணிட்ட பக்கங்கள்) பார். 115-ல் கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். 020-ல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாக்கிங்குக்காக எத்தனை டிகிரி இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது என்பது இருக்கும். 032-ல் பெட்ரோல் திருத்தம். 003-ல் காற்று வினாடிக்கு எத்தனை கிராம் உள்ளே போகிறது என்று. இந்த நான்கையும் பார்க்காமல் ஒரு ரூபாய் செலவழிக்காதே.

115-ல் காட்டுவது முழு அழுத்தம். கடல் மட்டத்தில் சுமார் 1,010 மில்லிபாரைக் கழித்தால் மிச்சம்தான் பூஸ்ட். 1,550 என்று பார்த்துவிட்டு 1.5 பார் பூஸ்ட் என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குளச்சல்_ஆர்கான்

ஸ்பேனர் அண்ணன் சொன்னதுதான். கசிவைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே கருவி செய்யலாம், ஹார்டுவேர் கடைக் காசுதான்.

உள்ளே போகிற காற்றை அளக்கிற மாஸ் ஏர் சென்சாருக்கு அப்புறம் டர்போவுக்குப் போகிற கறுப்பு ரப்பர் ஹோஸ் இருக்கிறதல்லவா, அதன் வாயை உள்ளளவு எடுத்துக்கொள். பிவிசி எண்ட் கேப்பில் எது அதற்குள் இறுக்கமாக உட்காருமோ அதை வாங்கு. கொஞ்சம் லூசாக இருந்தால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரு சுற்றுச் சுற்று. கேப்பின் நடுவில் துளை போட்டு, ட்யூப்லெஸ் டயருக்கு வைக்கிற வால்வை உள்ளிருந்து இழுத்து மாட்டு. அவ்வளவுதான். ஹோஸில் செருகி, கிளாம்ப் போட்டு முறுக்கு.

இனி கவனம். கம்ப்ரஸர் ரெகுலேட்டரை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டு வா. மெதுவாக ஏற்றி 8, 10 பிஎஸ்ஐ போதும். கிராங்க்கேஸ் காற்றுக் குழாய் அதே ஹோஸில்தான் வந்து சேர்கிறது. அதைக் கழற்றி வாயை அடைக்காமல் 20 பிஎஸ்ஐ ஏற்றினால் ஆயில் சீல் பிதுங்கும். கேப்புக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதே, கிளாம்ப் நழுவினால் கல் மாதிரி பறந்து வரும்.

முதலில் காதால் கேள். அப்புறம் சோப்புத் தண்ணீர் ஸ்பிரே. டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் இணைப்புகள், ஆக்சிலேட்டரை விடும்போது மிச்ச பூஸ்டைத் திருப்பி விடுகிற டைவர்ட்டர் வால்வு, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கிற சின்ன வாக்யூம் ட்யூப்கள் எல்லாம் பார். அடியில் இருப்பதைப் பார்க்க பல் டாக்டர் கண்ணாடி உதவும். வால்வு எதுவும் திறந்திருக்கிற நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் அதன் வழியாகவும் கொஞ்சம் காற்று போகும், அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயப்படாதே.

வடசேரி_கறுப்புக்கோட்டு

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். கேட்டை எடுப்பது, நேர் பைப் பற்றி ஒரு விளக்கம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றிய ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை என்றால் 190(2) தனி, அது 10,000 ரூபாய் வரை போகும். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் சைலன்சர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பதால் சட்டப்படி சரியாகிவிடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் இருந்தால் விபத்து கிளெய்மில் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. உன் வண்டி 15 வருடம் தாண்டியது. ஆர்சி புதுப்பிக்க படிவம் 25 கொடுத்து வண்டியை ஆய்வுக்குக் கொண்டு போக வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆனது தெரிந்திருக்கும். அதற்கு அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இதே கதை. கழற்றின கேட்டை ஒவ்வொரு முறையும் திரும்ப மாட்டிக்கொண்டு இருப்பாயா?

தேங்காப்பட்டணம்_பூஸ்ட்

எல்லாரும் சேர்ந்து ஒரு பையனைப் பயமுறுத்துகிறீர்கள். ஊரில் ஓடுகிற டிப்பரில் பாதிக்கு சைலன்சரே இல்லை.

வடசேரி_கறுப்புக்கோட்டு

டிப்பருக்கு யார் வாதாடுவார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு யார் வாதாடுவார்கள்?

அருமனை_பால்வெட்டு

032 பிளாக் பார்க்கச் சொன்னார்கள், அதில் இப்போது ஒரு புது விஷயம் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

இந்த வண்டியை உருவாக்கியது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு. சுத்தப் பெட்ரோல் முழுசாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இப்போது பங்கில் கிடைக்கிற இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) கணக்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு எடைக் கணக்கில் 8, 9 சதவீதம் அதிக பெட்ரோல் தேவை. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டர் தானே கூட்டிக்கொள்ளும், அதுதான் 032-ல் ப்ளஸ்ஸாகத் தெரியும். எந்தக் கசிவும் இல்லாத வண்டியிலேயே இரண்டாவது எண் +6, +7 காட்டினால் இப்போது ஆச்சரியமில்லை.

ஆகையால் +7-ஐப் பார்த்ததும் மாஸ் சென்சாரை மாற்ற ஓடாதே. +15 என்று காட்டினால் பாதி இ20, பாதி கோளாறு. இதில் முதல் எண் ஐடிலுக்கு, இரண்டாவது ஓட்டத்துக்கு. ஐடிலில் மட்டும் ப்ளஸ் ஏறினால் மேனிஃபோல்டுக்குப் பின்னால் வாக்யூம் கசிவு. ஓட்டத்தில் மட்டும் ஏறினால் மாஸ் சென்சார் அழுக்கு, ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம் என்று தேடு.

எத்தனாலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஆக்டேன் கூடுதல், ஆவியாகும்போது நன்றாகக் குளிர்விக்கும், அதனால் டர்போ வண்டிக்கு நாக்கிங் குறையும். இன்னொரு பக்கம் 2006-இல் செய்த பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் இதற்காகச் செய்தது இல்லை. எஞ்சின் பேயில் ஓடுகிற பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்திப் பார். மெத்தென்று ஊதியிருந்தாலும், முறிகிற மாதிரி வெடித்திருந்தாலும் உடனே மாற்று. டர்போவுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டினால் ரீமேப் பற்றிப் பேச வண்டி இருக்காது. எங்கள் பக்கம் மழையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிறவர்கள் டேங்கை நிரப்பி வையுங்கள், பாதி டேங்கில் ஈரம் சேரும்.

மேக்காமண்டபம்_20வால்வு

கேபிள் வந்தது, டூப்ளிகேட்தான், ஆனால் வேலை செய்கிறது. கண்டது இவ்வளவு.

கோடு: 17705, அதாவது பி1297, டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் அழுத்தக் குறைவு. 115-ல் கேட்பது 1,550 சுற்றி, கிடைப்பது 1,250 தாண்டவில்லை. 032-ல் ஐடில் +4, ஓட்டம் +14.

ஆர்கான் அண்ணன் சொன்ன மாதிரி கேப் செய்து காற்று ஏற்றினோம். 5 பிஎஸ்ஐ-யிலேயே பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டது. டைவர்ட்டர் வால்வைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் டயஃப்ராம் பாதி வட்டம் கிழிந்திருக்கிறது. அடியில் இன்டர்கூலரிலிருந்து வருகிற ஹோஸில் கிளாம்ப் உட்கார்கிற இடத்துக்கு நேர் பின்னால் ஒரு வெடிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் கோடு மாதிரிதான் தெரியும், வளைத்தால் விரல் நகம் உள்ளே போகிறது. யாரோ பழைய ஓனர் அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார். டேப் எண்ணெயில் ஊறி ஜவ்வு மாதிரி வந்தது.

பம்பரைக் கழற்றியது நல்லதாகப் போயிற்று. இன்டர்கூலர் ஃபின்களுக்குள் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களிமண் பூசின மாதிரி அடைத்திருக்கிறது. காற்றை அதற்குள் திருப்புகிற பிளாஸ்டிக் டக்ட் என் வண்டியில் இல்லவே இல்லை.

கோட்டார்_ஸ்பேனர்

கொள்ளாம் தம்பி. கோளாறு பெரும்பாலும் பிடிபட்டுவிட்டது.

டைவர்ட்டர் வால்வுக்கு வெளியே காற்று விடுகிற 'ஃப்ஷ்' வால்வு வாங்காதே. மாஸ் சென்சார் ஏற்கனவே எண்ணிவிட்ட காற்றை அது வெளியே விடும். கம்ப்யூட்டர் அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் அடிக்கும், கியர் மாற்றும்போது கறுப்புப் புகை வரும். ஒரிஜினலில் பாக எண் 710என் என்று முடிகிற வால்வு வாங்கு, கூடுதல் பூஸ்டுக்கும் தாங்கும். பழசாக வாங்கினால் கடையிலேயே சோதித்துப் பார். உள்ளே இருப்பதை விரலால் அழுத்தி, மேலே இருக்கிற சின்னக் குழாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு விரலை எடு. உள்ளேயே நின்றால் டயஃப்ராம் நல்லது. மெல்லத் திரும்பி வந்தால் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வா.

வெடித்த ஹோஸுக்கு அளவுக்கேற்ற சிலிக்கான் ஹோஸ் போடலாம், துணி லேயர் உள்ளதாகப் பார்த்து வாங்கு. சாதா ஜூப்ளி கிளாம்ப் சிலிக்கானை அறுக்கும், டி-போல்ட் கிளாம்ப் போடு.

இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே டீசல் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து நன்றாகக் காய விடு. வெளியே டீகிரீசர், அப்புறம் தண்ணீர் பின்பக்கத்திலிருந்து, குறைந்த வேகத்தில். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் அலுமினிய ஃபின் மடங்கிவிடும். டக்ட்டை அலுமினிய ஷீட்டில் நீயே மடிக்கலாம். எனக்குத் தெரிந்து செலவுக்கும் பலனுக்கும் இதைவிட நல்ல கணக்கு இந்த வண்டியில் வேறு இல்லை. வெயிலில் நாகர்கோவில் டிராஃபிக்கில் நிற்கிற வண்டிக்கு இன்டேக் சூடு இறங்கினால் இக்னிஷன் தானே முன்னே வரும்.

அதே காரணத்துக்காகக் கோன் ஃபில்டர் வேண்டாம். போனட்டுக்குள் இருக்கிற சூட்டை உறிஞ்சுவதற்குக் காசு கொடுக்கிறாய். எண்ணெய் தடவின ஃபில்டர் என்றால் அந்த எண்ணெய் மாஸ் சென்சார் கம்பியில் படியும். ஒரிஜினல் பாக்ஸ், புது பேப்பர் ஃபில்டர் போதும்.

அடுத்து யாருக்கும் பிடிக்காத பட்டியல். ஆயில் சம்பை (எஞ்சினின் அடித்தொட்டி) இறக்கி, எண்ணெயை உறிஞ்சுகிற குழாய் வாயில் இருக்கிற பிக்கப் ஜாலியைப் பார். இந்த எஞ்சினில் கரி கட்டி அந்த ஜாலி அடைப்பது பழைய கதை, முதலில் சாகிறது டர்போ. 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக், விடபிள்யூ 502 என்று போட்டது மட்டும் ஊற்று. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்த்து மாற்று. பம்பில் பிளாஸ்டிக் இம்பெல்லர் வேண்டாம், உலோகத்தில் வாங்கு. உன் 60,000-இல் பெரும்பகுதி இதற்குப் போகும். போகட்டும்.

பாறசாலை_டிஜெட்

ஸ்பேனர் அண்ணன் சொல்வதில் எல்லாம் உடன்பாடு, ஒன்றைத் தவிர. இதையெல்லாம் செய்து முடித்தால் கிடைப்பது கம்பெனி கொடுத்த 150 மட்டும்தான். அந்தப் பையன் கேட்டது டியூனிங். சர்வீஸ் செய்வதை டியூனிங் என்று சொல்லி ஆறுதல் படுத்தாதீர்கள்.

1.8டி எஞ்சினில் 150-ம் 180-ம் அடிப்படையில் நெருங்கிய உறவுக்காரர்கள். நல்ல நிலையில் உள்ள வண்டியில் நிதானமான ஒரு ஸ்டேஜ் 1 போட்டால் 180 பக்கம் வரும், நடு ஆர்பிஎம்மில் டார்க் நன்றாகக் கூடும். எம்இ7-க்கு இன்று வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. மேப்பைப் படிக்கவும் எழுதவும் நெஃப்மோட்டோ ஃபிளாஷர் இலவசம், ஓடும்போது எண்களைப் பதிவு செய்ய (லாக்) எம்இ7லாகர் இலவசம், டியூனர்ப்ரோவில் மேப்பைத் திறந்து பார்க்கலாம். எஃப்டிடிஐ சிப் உள்ள சாதாரண கேகேஎல் கேபிள் போதும். டியூனருக்குக் கொடுக்கிற காசில் நாலு டயர் வாங்கலாம்.

கோட்டார்_ஸ்பேனர்

இலவசம் சரி. புது மேப்பை எழுதும்போது (ஃபிளாஷ்) பேட்டரி இறங்கினால் எஞ்சின் கம்ப்யூட்டர் (ஈசியூ) செங்கல். சார்ஜர் மாட்டாமல் தொடவே கூடாது. பூட் மோடில் போட்டு மீட்கலாம், அதற்கு ஈசியூவைத் திறந்து சிப்பின் ஒரு காலைத் தரையோடு தொட வேண்டும். முதல் தடவை லேப்டாப் மாட்டுகிற பையனுக்கு இதையா சொல்வது?

பாறசாலை_டிஜெட்

எல்லாரும் ஒருநாள் முதல் தடவை மாட்டினவர்கள்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தால் போகிறது.

ஒன்று: முதலில் ரீட் மட்டும் செய். அந்த ஒரிஜினல் ஃபைலை லேப்டாப்பிலும் வேறு இடத்திலும் வை. இரண்டு: யாரோ இணையத்தில் போட்ட 'ஸ்டேஜ் 1' ஃபைலை அப்படியே ஏற்றாதே. சாஃப்ட்வேர் எண் ஒத்துப்போகவில்லை என்றால் முகவரி எல்லாம் மாறிப்போகும். உன் ஃபைலையே திருத்து. மூன்று: ஃபைல் கெடவில்லை என்று சரிபார்க்கிற எண்ணான செக்சம்மைச் சரி செய்யாமல் எழுதாதே.

திருத்துவதிலும் பேராசை வேண்டாம். எல்டிஆர்எக்ஸ்என் என்ற டேபிளில் ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் அதிகபட்ச லோடு (சிலிண்டரில் நிரம்பலாம் என்கிற காற்றளவு) இருக்கும். 2,500 முதல் 4,500 வரை கொஞ்சம் ஏற்று, 5,500-க்கு மேல் கிட்டத்தட்ட ஒரிஜினலுக்கே திரும்பி வா. கே03-க்கு மேலே மூச்சு இல்லை. இக்னிஷனைத் தொடவே தொடாதே. பால்வெட்டு சொன்ன இ20 விஷயத்துக்கு பெட்ரோல் அளவை நிர்ணயிக்கிற இன்ஜெக்டர் கான்ஸ்டன்ட்டை அந்த 6, 7 சதவீதம் ஏற்றினால் 032 மறுபடி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். ஃபுல் த்ராட்டிலில் கம்ப்யூட்டர் பெரும்பாலும் தன் கணக்கை நம்பித்தான் அடிக்கும், அந்தக் கணக்கு சரியாக இருப்பது டர்போ வண்டிக்கு ரொம்ப முக்கியம்.

அருமனை_பால்வெட்டு

இதில் நான் டிஜெட் பக்கம். ஒரு நிபந்தனை: எந்தப் பெட்ரோலுக்கு மேப் போடுகிறாயோ அதுதான் ஊற்ற வேண்டும். எக்ஸ்பி95-க்கு (இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோல்) போட்டால் எக்ஸ்பி95. குலசேகரத்தில் இரவு பத்து மணிக்கு டேங்க் காலியாகும்போது கிடைக்கிறதை ஊற்றினால் 020 பிளாக்கில் கார்த்திகைத் தீபம் தெரியும். 100 ஆக்டேன் எப்போதும் கிடைக்கும் என்று நம்பி மேப் போடுகிற வேலை நமக்கு வேண்டாம்.

ஆரல்வாய்மொழி_காற்றாடி

லாக் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நால்வழிச் சாலையில் காருக்கு எல்லை 100. இரண்டாவது கியரில் 6,000 போனாலும் 100-க்குள்தான் இருப்பாய், மாஸ் சென்சாரின் உச்சம் பார்க்க அது போதும். மூன்றாவது கியரில் 2,000-லிருந்து 4,000 சொச்சம் வரை பூஸ்ட் பார். அதற்குமேல் பார்க்க வேண்டுமென்றால் டைனோவுக்கு (உருளைமேல் வண்டியை ஓட்டித் திறன் அளக்கிற இடம்) போ. ஓட்டுகிறவன் லேப்டாப்பைப் பார்க்கக்கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும். பஸ் ஸ்டாப்பும் பள்ளிக்கூடமும் இருக்கிற ரோட்டில் இந்த வேலை வேண்டாம்.

எங்கள் கணவாய்ப் பக்கம் எடுத்தால் இரண்டு திசையிலும் எடு. ஆடிக்காற்றில் முப்பந்தல் பக்கம் போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது வேறு நேரம் வரும். காற்று பூஸ்டை மாற்றாது. ஆனால் 60-லிருந்து 100-க்கு எத்தனை வினாடி என்று அளக்கிறவன் மேப் நன்றாகிவிட்டது என்று ஏமாந்து போவான்.

003-ல் உச்ச கிராமை 0.8-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிட்டத்தட்ட வரும். நல்ல 150 வண்டிக்கு 120 கிராம் பக்கம் வர வேண்டும்.

குளச்சல்_ஆர்கான்

பிரேக்கை யாரும் சொல்லவில்லை. திறன் ஏற்றுவதற்கு முன் டாட் 4 திரவம் மாற்று. அது ஈரத்தை இழுக்கும், நம் மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். கடற்கரைப் பக்கம் ஓட்டினால் காலிப்பர் பின் உப்பில் இறுகும், கழற்றி கிரீஸ் போடு. டயர் பக்கத்தில் நாலு இலக்கம் பார், வாரமும் வருடமும். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்று.

கிளட்ச்சும். நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுசாக மிதி. ஆர்பிஎம் மட்டும் துள்ளி ஏறி வண்டி ஏறவில்லை என்றால் ரீமேப் காசை கிளட்ச்சுக்கு எடுத்து வை.

மேக்காமண்டபம்_20வால்வு

எல்லாருக்கும் நன்றி. இதுவரை செய்தது: டைவர்ட்டர் வால்வு, சிலிக்கான் ஹோஸ், மேனிஃபோல்டுக்கு அடியில் வாக்யூம் ட்யூப் மொத்தமும், இன்டர்கூலர் கழுவி டக்ட், பெட்ரோல் ஹோஸ், டைமிங் பெல்ட் கிட், ஆயில், பிரேக் திரவம். சம்ப் இறக்கினோம், ஜாலியில் பாதிக்குமேல் கறுப்புத் துகள். பெல்ட்டை மட்டும் தக்கலையில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன், டைமிங் குறியில் எனக்குத் தைரியம் வரவில்லை. 40,000-க்குள் முடிந்தது.

இப்போது 115-ல் கேட்டதும் கிடைத்ததும் 30, 40 மில்லிபாருக்குள் ஒத்துப்போகிறது. 17705 திரும்ப வரவில்லை. 032 ஓட்டம் +7. மாஸ் உச்சம் 117 கிராம். வண்டி வேறு வண்டியாகிவிட்டது. என் மனைவிக்கே வித்தியாசம் தெரிகிறது. 'மெதுவாகப் போ' என்று இப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னாள்.

கேட்டை எடுக்கப் போவதில்லை. பட்டாசு மேப்பும் வேண்டாம். ரீமேப் ஆசை மட்டும் போகவில்லை. டிஜெட் அண்ணா, ஒரிஜினல் ஃபைல் ரீட் செய்து வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். 020-ல் 1, 2, 4 சிலிண்டர் 0 முதல் 1.5 டிகிரி. மூன்றாவது மட்டும் 4.5 காட்டுகிறது. எக்ஸ்பி95 தான் ஊற்றினேன்.

பாறசாலை_டிஜெட்

எதையும் எழுதாதே. முதலில் அந்த மூன்றாவது சிலிண்டர்.

கோட்டார்_ஸ்பேனர்

இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

மூன்றாவது பிளக்கையும் ஒன்றாவதையும் இடம் மாற்றி மறுபடி லாக் எடு. இழுப்பு ஒன்றாவதுக்குப் போனால் பிளக். போகவில்லை என்றால் இக்னிஷன் காயிலையும் அதே மாதிரி மாற்றிப் பார். இரண்டுமே இல்லையென்றால் அந்த இன்ஜெக்டர் குறைவாக அடிக்கிறது, கழற்றி அல்ட்ராசோனிக்கில் கழுவக் கொடு. பிளக் எப்படியும் மாற்றப் போகிறாய், ரீமேப் எண்ணம் இருந்தால் என்ஜிகே பிகேஆர்7இ வாங்கு, ஒரு படி குளிர்ந்தது. பிளக் முனை இடைவெளி 0.7 மில்லிமீட்டர் வை. பழைய பிளக்கின் பீங்கானையும் ஒரு போட்டோ எடுத்துப் போடு. மூன்றாவதில் மட்டும் வெள்ளையாகவோ கறுப்புப் புள்ளியாகவோ இருந்தால் அதுவே பதில்.

தேங்காப்பட்டணம்_பூஸ்ட்

அண்ணே, அந்த எண்ட் கேப் எந்த அளவு வாங்கினான் என்று கேட்டுச் சொல்லுங்கள். என் டீசலிலும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருகிறது.

மேக்காமண்டபம்_20வால்வு

உன் ஹோஸை அளந்து வாங்கு மக்கா, என் அளவு உனக்குப் பொருந்தாது. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு வா, இங்கேயே செய்யலாம். அந்த மீன் தொட்டி வால்வை மட்டும் கழற்றிவிட்டு வா.